அணையின் உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள்?

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அடித்தளத்தின் மிகத் தாழ்வான இடத்திலிருந்து அணையின் உச்சி வரை உள்ளதுதான் உயரம். ஆற்றுப்படுகையிலிருந்து அல்ல. பல்லைப் போலத்தான்: ஈறுக்குள் இருக்கும் வேரும் சேர்ந்ததுதானே பல்! நீரின் அழுத்தம் அடித்தளம் வரை இறங்குகிறது, கசிவும் அங்கே ஏற்படலாம். அதை விட்டுவிட்டு அளப்பது சரியல்ல. பக்ரா அணை ஆற்றுப்படுகைக்கு மேல் சுமார் 168 மீட்டர். அடித்தளத்திலிருந்து அளந்தால் சுமார் 226 மீட்டர். எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்!

உயரம் 15 மீட்டரைத் தாண்டினாலே அணை இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். 10 முதல் 15 மீட்டர் என்றால், 10 லட்சம் கனமீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும்.

அப்புறம், மேட்டூருக்குச் செய்திகளில் சொல்லும் 120 அடி என்பது முழு நீர்மட்டம்தான். அணையின் உயரம் 214 அடி.