பழைய கைவேலை ஸ்டீல் மவுண்டன் பைக்கில் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) அசையவே மாட்டேன் என்கிறது. எப்படிக் கழற்றுவது?

ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினிய போஸ்ட் ஈரத்தோடு கிடந்தால், அலுமினியம் அரித்து உப்பிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். கிளாம்ப் போல்ட்டையும் பாட்டம் பிராக்கெட்டையும் (பெடல் அச்சு சுழலும் பாகம்) கழற்றிவிட்டு, பைக்கைத் தலைகீழாக்கி, அந்தக் குழாயின் கீழ்முனை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். மேலிருந்து விட்டால் விளிம்போடு நின்றுவிடும்.

பிறகு போஸ்ட் தலையை வைஸில் (மேசைப் பிடிகருவி) இறுக்கி ஃப்ரேமை மெல்லத் திருகுங்கள். குழாய் மெல்லியது, முரட்டு பலம் வேண்டாம். சூடாக்கச் சொல்வார்கள், ஆனால் ஸ்டீலைவிட அலுமினியம்தான் அதிகம் விரியும், பெயின்ட்டும் போகும். போஸ்ட்டைக் குளிர்விப்பதே மேல்.

அப்படியும் மசியாவிட்டால் போஸ்ட்டை மேலே அறுத்து, ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் கீறி, மடக்கி உருவலாம். பிளேடு ஃப்ரேமைக் கீறிவிடாமல் பொறுமையாக.

புது போஸ்ட்டின் அளவு 0.2 மி.மீ. குறைந்தாலும் நழுவும். கிரீஸ் தடவியே பொருத்துங்கள்.