அபராதம் கட்டி முடிக்கும் முன் சிகிச்சைக்கு வழி தேடுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “என் 22 வயது மகனிடம் 40 கிராம் கஞ்சா இருந்ததாக வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஜாமீனில் வந்துவிட்டான். மூன்று வருடமாக அந்தப் பழக்கத்தை விட முடியாமல் தவிக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கு என்னவாகும்?”

அம்மா, அபராதம் கட்ட அவசரப்படாதீர்கள். ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அது தண்டனைதான், வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காவல்துறை விசாரணை வரும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும். பழக்கமோ அப்படியே இருக்கும்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 1 கிலோ வரையிலான கஞ்சா ‘சிறு அளவு’ ஆகும். அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறு அளவு வழக்கில் சிக்கிய ஒருவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அவர்மீது அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. எப்போதோ ஒருமுறை புகைத்தவருக்கு இது பொருந்தாது. ஆகவே மகன் அடிமைநிலையில் இருப்பதை மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். தனியார் மையமென்றால், பணம் கட்டுமுன் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவனைக் கட்டி இழுத்துச் சென்று பூட்டி வைக்கும் இடம் எதுவும் வேண்டாம். அது அவனுக்குச் செய்யும் கொடுமை. ‘தாமாக முன்வந்து’ என்ற நிபந்தனையும் அங்கேயே உடைந்துவிடும்.

முதல் வாரம்தான் கடினம். தட்டில் வைத்த சோற்றைத் தள்ளிவிடுவான், இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவான், உங்கள்மீதே எரிந்து விழுவான். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் இது தணியும். பார்க்கப் பொறுக்காமல் பாதியில் அழைத்து வந்துவிடாதீர்கள். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம்.

ஒருவேளை வழக்கு நடந்து குற்றவாளி என்று தீர்ப்பானாலும், சிறைக்கு அனுப்பாமல் அவன் சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலனை நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். இது இரண்டாவது வழிதான். முதலில் 64-ஏ பிரிவின்கீழ் மனு போடச் சொல்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

சட்டைப் பையில் நான்காய் மடித்துத் தேதியே அழிந்துபோன ஓ.பி. சீட்டை நீட்டும் குடும்பங்களை நான் நிறையவே பார்க்கிறேன். ஒவ்வொரு சீட்டையும் முத்திரையோடு ஒரே கோப்பில் வையுங்கள். உள்நோயாளியாக இருக்கும் நாளில் வாய்தா வந்தால், மருத்துவமனைக் கடிதத்தை இணைத்து வழக்கறிஞர் முன்கூட்டியே மனு தாக்கல் செய்யட்டும். இல்லையென்றால் சிகிச்சையில் படுத்திருப்பவனுக்குப் பிடிவாரண்ட் பிறப்பிக்கப்படலாம்.