காட்டில் வாழும் முதலை இரையைத் துரத்திப் பிடிக்குமா? மனிதர்களை ஏன் தாக்குகிறது?

துரத்தாது. காத்துக் கிடக்கும், அவ்வளவுதான் அதன் வித்தை.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். கேரள எல்லை தாண்டி வெள்ளறடை வழியாகப் போனால் நெய்யாறு அணை, அங்கே சித்தி வீடு. அணையில் விடப்பட்ட முதலைகள் பெருகி, குளிக்கப் போனவர்களைக் கடித்த கதைகளைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் சித்தப்பா கரையில் நின்று, "அன்னா கெடக்கு பாரு மக்களே" என்று கை காட்டினார். எனக்குத் தெரிந்தது இரண்டு புடைப்பும், அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மேடும்தான். கண், காது, மூக்கு எல்லாம் தலையின் மேல்பக்கமே இருப்பதால் மீதி உடம்பு மொத்தமும் தண்ணீருக்குள். அந்த நேரம் பார்த்து ஒரு பசு தண்ணீர் குடிக்க இறங்கியது. புடைப்புகள் அப்படியே பின்னோக்கி அமிழ்ந்தன, தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. பசு குடித்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு, அது நின்ற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு ஆள் நீளத் தொலைவில் அதே புடைப்புகள் மறுபடி எழுந்தன. எனக்கு முதுகு சில்லிட்டுப் போனது.

இது சதுப்புநில முதலை, மக்கர் என்பார்கள். யூடியூபில் மாட்டுக் கூட்டத்தையே மறிக்கிற ஆப்பிரிக்க நைல் முதலை வேறு. இதற்கு அன்றாடச் சாப்பாடு மீன், ஆமை, பாம்பு, பறவை. வாய்த்தால் ஆடு, மான். குளிர் ரத்தப் பிராணி என்பதால் தீனிச் செலவு குறைவு, வாரக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அந்தப் பொறுமை. தாடை நெடுகிலும் உள்ள சின்னக் கரும்புள்ளிகள் தண்ணீரின் அசைவை உணர்பவை, இருட்டிலும் தப்பாது. தொண்டையில் ஒரு மூடி இருப்பதால் தண்ணீருக்குள் வாயைத் திறந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது.

'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்பது சும்மா சொன்னதல்ல. ஆனால் அதற்கு மெல்லத் தெரியாது, பல் கவ்வுவதற்கு மட்டும்தான். அதனால் பெரிய இரை என்றால் தன் முழு உடம்பையும் சுழற்றித் துண்டு பிய்க்கும். வேடிக்கை என்னவென்றால், வாயை மூடும் தசைக்கு இருக்கிற பலம் திறக்கும் தசைக்குக் கிடையாது. மூடிய வாயை ஒரு கயிற்றால் கட்டிவிடலாம் (கட்டுகிற ஆள் நானில்லை).

மூளை இல்லாத மிருகம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சென்னை முதலைப் பண்ணையில் மக்கர் முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்து, கூடு கட்டச் சுள்ளி தேடி வரும் கொக்குகளைப் பிடிப்பதை ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள்.

மனிதர் விஷயம்? முட்டையிட்டுக் காக்கும் காலத்தில் பக்கத்தில் யார் போனாலும் பாயும். மற்றபடி, தினமும் ஒரே துறையில், ஒரே நேரத்தில், குனிந்து பாத்திரம் கழுவுகிற ஆள் அதன் கண்ணுக்கு ஆட்டு உயரம்தான். கரையில் துரத்தினால் வளைந்து வளைந்து ஓடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நேராக ஓடுங்கள், கொஞ்ச தூரத்திலேயே அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

சித்தி இப்போது நீளக் கயிற்றில் வாளியைக் கட்டி எறிந்துதான் தண்ணீர் எடுக்கிறார், அதுவும் தினமும் இடத்தை மாற்றி. சித்தப்பா கேலி செய்வார். ஆனால் அவர் குளிப்பதும் அந்த வாளித் தண்ணீரில்தான்.