கடைசி நாளில் மியூசியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு ஐந்து நாள் ஆம்ஸ்டர்டாம் போயிருந்தோம். கால்வாய்ப் படகு, சந்தை, சைக்கிள் என்று நான்கு நாள் ஓடிவிட்டது. கடைசி நாள் காலையில்தான் ரைக்ஸ்மியூசியம். ராத்திரி விமானம் என்பதால் மூன்று மணி நேரம்தான் இருந்தோம். மகன் ஃபோனில் வைத்திருந்த பட்டியலில் பாதிகூட முடியவில்லை. "இதை முதல் நாளே வைத்திருக்கணும்" என்று வீட்டுக்காரர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்வது சரியா?

இன்னொன்று. அங்கே சோழர் கால நடராஜர் இருக்கிறார். அவர் முன்னால் நின்றதும் கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கவும் இறக்கிவிட்டேன். கும்பிட்டிருக்கலாமோ?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

நான் முதல் முறை அங்கே போனது ஊரில் இறங்கிய அன்றே. விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. ஒரு கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். மனைவி வந்து எழுப்பியபோது அவர் ஒரு மாடியை முடித்திருந்தார். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை, உங்களைப் போலவே, கடைசி நாளில் போனேன். நேராக டச்சு ஓவியர் வெர்மீரின் 'பாலூற்றும் பெண்' ஓவியத்திடம். 1660 வாக்கில் வரைந்தது. உயரம் 45 சென்டிமீட்டர் சொச்சம், அகலம் அதற்கும் குறைவு. நம் வீட்டுச் சாமி படம் அளவுதான். சமையலறையில் ஒரு வேலைக்காரப் பெண் மண்சட்டியில் பால் ஊற்றுகிறாள், அவ்வளவே. ஆனால் இடது பக்க ஜன்னலைப் பாருங்கள், ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். பிடுங்காத ஓர் ஆணி, அதற்கு ஒரு நிழல். அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் மாட்டும் பலகை ஒன்றை வெர்மீர் முதலில் போட்டுவிட்டு அப்புறம் அழித்திருக்கிறார். 2022இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பலகையை எடுத்தவர் ஆணியை விட்டுவைத்திருக்கிறார்!

முதல் நாள் பார்த்தபோது (தூங்கி எழுந்த பிறகுதான்) இதெல்லாம் எனக்குப் படவே இல்லை. நடுவில் சில நாள் அந்த ஊரின் ஒடுக்கமான வீடுகளில், பெரிய ஜன்னல்களுக்குப் பக்கத்தில் ரொட்டி தின்றிருக்க வேண்டும். மேகம் மூடிய வானத்திலிருந்து பக்கவாட்டில் வரும் அந்த வெளிச்சம் கண்ணுக்குப் பழக வேண்டும். வெர்மீர் டெல்ஃப்ட் ஊர்க்காரர். ஆனால் வெளிச்சம் அதேதான். அதனால் கடைசி நாள்தான் சரி என்பது என் கட்சி. வருஷம் 365 நாளும் காலை 9 முதல் 5 வரை திறந்திருக்கும் இடம் வேறு.

பட்டியலைத்தான் விட்டிருக்கலாம். பாதிதான் பார்த்தோம் என்கிறீர்கள். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' 1642இல் வரைந்தது. 1715இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது சுவரில் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. முழுசாகப் பார்த்ததாகச் சொல்கிறவர்களும் மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நடராஜருக்கு வருகிறேன். ஒன்றரை மீட்டர் உயரம், சுமார் 300 கிலோ. உள்ளே எப்படி என்று பார்க்க அவரை லாரியில் ஏற்றி ராட்டர்டாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், சுங்கத்துறை கன்டெய்னர்களைச் சோதிக்கும் எக்ஸ்ரேயில் விட்டார்கள். திருவாசி உட்பட எல்லாமே கெட்டி. கனவார்ப்பு என்று நம் ஸ்தபதிகள் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே செப்புத் திருமேனிகளைக் கனம் (கெட்டி), பொள்ளல் (உள்ளே வெற்றிடம்) என்று பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. கோயிலில் பட்டும் மாலையும் போக முகம்தான் தெரியும். அங்கே இடுப்பின் வளைவு, தூக்கிய காலின் பாதம் எல்லாம் தெரிகிறது. நான் கும்பிடவில்லை. ஆனால் அவர் முன்னால் ஷூவோடு நின்றது என்னவோ போல் இருந்தது. நீங்கள் கும்பிட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அது சரி, அந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் அதிக நேரம் எங்கே நின்றார்? எழுதவில்லையே. என் அண்ணன், 1698இல் செய்த 'வில்லியம் ரெக்ஸ்' என்ற போர்க்கப்பல் மாதிரியைச் சுற்றிச் சுற்றியே ஒரு மணி நேரம் போக்கினார். வெர்மீர் பக்கம் போகவே இல்லை. இன்றுவரை கப்பலைப் பற்றித்தான் பேச்சு.