சின்ன வெங்காயத்தை விதை போட்டு வளர்க்க முடியுமா?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாக்கெட்டில் வாங்கிய சின்ன வெங்காய விதையைத் தொட்டியில் தூவினேன். நன்றாக முளைத்து, சில நாளிலேயே ஒவ்வொன்றாகச் சாய்ந்து விழுந்துவிட்டது. விதையில் குறையா, அல்லது சின்ன வெங்காயம் காய் ஊன்றினால்தான் வருமா?"

விதையிலும் வரும். ஆனால் எல்லா ரகமும் வராது. நம் ஊரில் காலங்காலமாகக் காயை ஊன்றியே பயிரிடும் ரகங்கள் பூத்து விதை பிடிப்பது அரிது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-5 ரகம் நன்றாகப் பூத்து விதை கட்டும். அதனால் விதையிலிருந்து வளர்க்க அதைத்தான் சொல்வேன். வெளிநாட்டு விதைகள் இணையத்தில் கிடைக்கின்றன, வாங்காதீர்கள். ஐரோப்பிய ரகங்களில் பலவற்றுக்குக் காய் திரள 14 மணி நேரத்துக்குக் குறையாத பகல் வேண்டும். நம் கோடையிலும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. தாள் செழிக்கும், அடியில் காய் இருக்காது. இன்னொன்று, பெல்லாரி விதையும் சின்ன வெங்காய விதையும் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும், கண்ணால் பிரித்தறிய முடியாது. ரகத்தின் பெயர் போடாத பாக்கெட்டை நம்ப வேண்டாம்.

தேதியையும் பாருங்கள். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரண வெப்பத்தில் ஓராண்டு தாண்டினாலே முளைப்பு சரியும். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பத்து நாளில் ஏழெட்டாவது முளைக்க வேண்டும்.

உங்களுடையது முளைத்துவிட்டதால் விதை மேல் பழி இல்லை. விழுந்த நாற்றை எடுத்து, மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே தண்டு நீர் கோத்து, நூல்போல மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை, அதற்கு வழிவிடுவது நாம் ஊற்றும் அதிகத் தண்ணீர். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மீதிக்குத் தண்ணீரைக் குறைத்துக் காற்றும் வெயிலும் படும்படி வையுங்கள்.

அடுத்த முறை விதையைத் தூவாமல், இரண்டு அங்குல இடைவெளியில் கோடு கீறி இடைவிட்டுப் போடுங்கள். நெருக்கமாக விழுந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். நாலங்குல ஆழமுள்ள, அடியில் துளையிட்ட தட்டு போதும். செம்மண், மக்கிய தொழு உரம், கழுவிய தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதைமேல் அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். ஈரச் சாக்கைப் போர்த்தி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்; ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

முளை முதலில் கொக்கிபோல வளைந்து வரும். பிறகு நிமிரும்போது நுனியில் கறுப்பு விதைத்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்கக் கூடாது, தானே உதிரும். தண்ணீரைக் காலையில் மட்டும், பூவாளியால், மேல்மண் காய்ந்த பிறகு தெளியுங்கள்.

40 முதல் 45 நாளில், தாளின் அடி தென்னை ஈர்க்குப் பருமன் வந்ததும் பிடுங்கி நடலாம். தாள் நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு, ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். நெருக்கி நட்டால் ஒரு செடிக்கு ஓரிரு காயோடு நின்றுவிடும். ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். சென்னைப் பக்கம் ஐப்பசி அடைமழையில் நாற்று விடுவது வீண் வேலை. கார்த்திகைக் கடைசியில் போட்டுத் தையில் நடுவது நல்லது.

விதை போட்டதிலிருந்து அறுவடைக்கு நாலு மாதம்போல ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் காயை ஊன்றிவிடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் விதைக்காய் வழியாக வரும் அடியழுகல், விதை வழியில் வெகுவாகக் குறையும். அதற்காகவே விதை முறை எனக்குப் பிடிக்கும்.

தாள் பாதிக்குமேல் பழுத்துச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் விட்டுப் பிடுங்குங்கள். தாளோடு நிழலில் காயவிட்டு, நல்ல திரட்சியான காய்களைக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அடுத்த பட்டத்துக்கு அதுவே விதைக்காய். திரும்ப விதை வாங்க வேண்டியதில்லை.