பதில்: பீஞ்சமந்தை படிப்பு மையத்தில் சோலார் விளக்கு 8 மணிக்கே அணைகிறது

வணக்கம் சார். உங்கள் மையத்தில் இருப்பது 100 வாட் பேனல், 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, நான்கு 9 வாட் விளக்கு. விளக்கு இரவு 8 மணிக்கே அணைகிறது, பேட்டரியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். புதுசுக்கும் இதே கதிதான்.

என் சந்தேகம் ஒயர் மேல். பேனலுக்கும் பேட்டரிக்கும் 50 அடி, 1.5 சதுர மி.மீ. ஒயர் என்கிறீர்கள். போக வர 100 அடி, 5.5 ஆம்பியர் ஓடினால் சுமார் 2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 18 வோல்ட் பேனல் 60 டிகிரிக்குச் சூடானால் 15.5க்கு இறங்கும். மிச்சம் 13.5. பேட்டரி நிரம்ப 14.4 வேண்டுமே! தினமும் அரைகுறையாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படியும், கொள்ளளவு குறையும்.

நல்ல வெயிலில், சார்ஜ் ஏறும்போது பேனல் முனையிலும் பேட்டரி முனையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டினால் 6 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மாறுங்கள். இழப்பு அரை வோல்ட்டாகிவிடும். பேட்டரி முனைகளில் பூத்த உப்பையும் சுரண்டிவிடுங்கள்.

பிறகு இரண்டு மூன்று நாள் விளக்கே போடாமல் சார்ஜ் ஏற்றுங்கள். பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சுனைத் தண்ணீர் கூடவே கூடாது. பேனல் தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்வில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் திணறினால் இன்னொரு 100 வாட் பேனலை பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேருங்கள். அப்போது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 20 ஆம்பியராவது இருக்க வேண்டும்.