வைஃபை இருக்கு, நெட் இல்லை!

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு. வைஃபை குறி முழுதாகக் காட்டுகிறது, ஆனால் நெட் அடிக்கடி போய்விடுகிறது. ரௌட்டரை ஆஃப் செய்து போட்டால் வருகிறது. புதிது வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தக் குறி, போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவே சிக்னல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அடுத்த முறை நெட் போனதும் உடனே ஆஃப் செய்யாமல் (எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்!) ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ (LOS, சிக்னல் இல்லை என்று காட்டுவது) என்ற விளக்கைப் பாருங்கள், சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளியிலிருந்து ஒளியே வரவில்லை, ஒயர் கதவிடுக்கில், பீரோவுக்குப் பின்னால் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை, கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். மடங்கவில்லையா, கம்பெனிக்குப் புகார் கொடுங்கள். விளக்கு சரியாக இருந்தால், லேன் கேபிளால் (நெட்வொர்க் ஒயர்) லேப்டாப்பை நேரடியாக ரௌட்டரில் இணையுங்கள். அதில் நன்றாக ஓடினால் சிக்கல் வைஃபையில்தான், ரௌட்டர் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சேனலை (அலைவரிசைத் தடத்தை) 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள். கேபிளிலும் நெட் போனால் முதலில் ரௌட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள், ரௌட்டரை விட அது ரொம்ப மலிவு.